கடற்பாசிச் சாறும் களிம்புக் குழாயும்

ஜனவரி 9, வியாழன்

செய்யூர் வயலில் பனி. காலையில் கடலைச் செடிகள் மேகத்துக்குள் முளைத்தவை போல மிதந்தன. பாதிப் பாத்திகளுக்குக் கடற்பாசிச் சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். எது எதற்கு என்று தெளிக்கிற வயலாள் வேண்டாவுக்கும் தெரியாது, காய் எண்ணப்போகிற எனக்கும் தெரியாது. அலுவலகத்தில் திவ்யாவுக்கு மட்டும் தெரியும். பயிர் வளர்ச்சி ஆராய்ச்சி என்பது, தெரியாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கும் தொழில்.

மதியம் செங்கல்பட்டு. ஆஸ்பத்திரியில் நானே ஒரு பாத்தி. நடுவயதுப் பெண்களின் தாம்பத்திய நலம் பற்றி டாக்டர் பிரிசில்லா ஓர் ஆய்வு நடத்துகிறார். பன்னிரண்டு வாரம் ஒரு களிம்பு. பாதிப் பேருக்கு மருந்து கலந்தது, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. இன்று குழாயை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. மாதவிலக்கு நின்றதிலிருந்து நெருக்கம் என்றால் வலி. கணவர் ராகவனிடம் சொன்னது வேறு: "ரொம்ப வேர்க்குது, நான் பின்னறையில படுத்துக்கறேன்." வேர்த்தது உண்மை. மீதி உண்மை இரண்டு வருடமாகச் சொல்லப்படவில்லை.

ஜனவரி 14

பொங்கல். ராகவன் கரும்பை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி அடுக்கினார். "இனிப்பு போதுமா?" "போதும்." பேச்சு முடிந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

ராகவன் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு பார்க்கிறார். அதற்கு மூன்று விதிகள்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஒரு சுவர் வை. எங்கள் வீட்டில் மூன்றும் குறைவின்றி அமலில் இருக்கின்றன. ஆய்வாளர் யாராவது வந்தால் பாராட்டுச் சான்றிதழே தருவார்.

குறை சொல்ல முடியாத மனிதர். பின்னறைக்குள் வருவதற்குக் கதவைத் தட்டுகிறார். அவர் கதவு. அவர் வீடு.

ஜனவரி 23

கடலை விழுது இறங்கத் தொடங்கிவிட்டது. பூ மேலே பூக்கும், காய் மண்ணுக்குள் காய்க்கும். நடுவே அந்த விழுது ஈர மண்ணைத் தேடி இறங்க வேண்டும். மண் இறுகிக் கிடந்தால் நுனி காய்ந்து அப்படியே நின்றுவிடும். இதில் உவமை தேடுவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஜிப்சம் போட்டு, செடியடியில் மண் அணைத்தோம்.

வேண்டாவும் அதே களிம்பு ஆய்வில் இருக்கிறாள். மண்ணை அணைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னா மேடம், சாரு இன்னா சொல்றாரு?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆராய்ச்சி முடிவு மாறிடும்."

"அய்ய! எங்க வூட்ல அந்தாளு தெனிக்கும் 'மருந்து போட்டியா, மருந்து போட்டியா'ன்னு கேட்டுகினே கீறாரு. ஒரே பேஜாரு மேடம்."

பேஜாரு என்றவளின் முகத்தில் பேஜாரு எதையும் காணவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதியத் தூக்கத்தில் கனவு. கடல் வயல்வரை வந்திருந்தது. அலையடிக்கவில்லை, சும்மா வந்து உட்கார்ந்திருந்தது. கடலைச் செடிகள் வரிசையாக நின்று ஆஸ்பத்திரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லின. "கடந்த நான்கு வாரங்களில் நாட்டம் எப்படி?" "சுமார்." ராகவன் வரப்போரம் முழுப் பாதுகாப்பு உடையில் நின்றார். கூப்பிட்டேன். முகமூடிக்குள் காது கேட்கவில்லை போல.

எழுந்தபோது தலையணை ஈரம். வேர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

செங்கல்பட்டு. "உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றார் பிரிசில்லா. ஆய்வு கெடக்கூடாது என்பதற்காக அவரிடமிருந்தும் விஷயத்தை மறைத்திருப்பதாகக் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன்.

பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், தெரியக்கூடாதது எது மருந்து, எது வெறும் களிம்புன்றது மட்டும்தான். நீங்க இதுல இருக்கறதையே அவர்கிட்ட மறைக்கச் சொல்லி உங்ககிட்ட யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் சோதனைப் பாத்தி போட்டவள், கட்டிய கணவனையும் தெரியக்கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். மாணவி எவளாவது செய்திருந்தால் ஆய்வையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பஸ்ஸில் — அப்ப யாருக்காக மறைச்சேன்? ஆய்வுக்காகவா? பயம். அவ்ளோதான், பயம். வலிக்குதுன்னு சொன்னா இனிமே தொடவே மாட்டாரோன்னு பயம். சொல்லாம இருந்தும் தொடலியே. இது என்ன கணக்கு?

பிப்ரவரி 9, ஞாயிறு

விடிகாலையில் சதுரங்கப்பட்டினம் கடற்கரை. ராகவனை நான்தான் கூப்பிட்டேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்ததால் எங்கே பார்ப்பது என்ற சிக்கல் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வலி, பின்னறை, களிம்பு.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிண்டிருந்தேன், சங்கரி."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிட்டா?"

இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

திரும்பும்போது கேட்டார்: "நமக்குக் குடுத்தது மருந்தா, சும்மாவா?"

"தெரியாது. அடுத்த வருஷம்தான் சொல்லுவா."

"சரி. வலிச்சா அப்பவே சொல்லு. நிறுத்திக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

நமக்கு என்றார். இதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 15

ராகவன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்: "மருந்து போட்டியா?"

பேஜாரு.

மார்ச் 2

மாசிப் பனி. வலி குறைந்திருக்கிறது. களிம்பாலா, பேச்சாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சங்கரி இல்லாமல் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. விஞ்ஞானி என்ற முறையில் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

அறுவடை முடிந்தது. சாறு தெளித்த பாத்திகள் எவை என்று திவ்யா சொன்னாள். அவற்றில் காய் கொஞ்சம் கூடுதல். "இன்னும் ஒரு சாகுபடிப் பட்டம் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று அறிக்கையில் எழுதினேன். "எனுக்கு அப்பவே தெரியும் மேடம்" என்றாள் வேண்டா. அவள் சுட்டிக் காட்டியது வெறும் தண்ணீர்ப் பாத்தியை.

விதைக்கென்று ஒரு மூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விதைக்கடலையை வெயிலில் போடக் கூடாது. நிழலும் காற்றும் வேண்டும். பின்னறையில் நான் படுத்துவந்த கட்டிலில் பரப்பி ஜன்னலைத் திறந்து வைத்தேன். கடற்காற்று நன்றாக வருகிறது.

ராகவன் எட்டிப் பார்த்தார். தட்டவில்லை. "எத்தனை நாள் காயணும்?"

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றேன்.