டென்பியின் பெஞ்சில் ஒரு 'ஆஃப்'

யார்க்
2011 மே 3

மோரீன் அம்மையாருக்கு,

உங்கள் குடும்பப் பெயரை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. 'டென்பி' என்ற பெயர் கிளிஃபர்டின் மனைவியாக முப்பத்தோரு வருடம் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. விவாகரத்துக்குப் பிறகும் என் கதவில் அதுதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை மார்ஸ்பிக்கு வந்தேன். உங்களைப் பார்க்க அல்ல. கிளிஃபர்ட் நினைவாகக் கடலோரத்தில் நீங்கள் போட்டிருக்கும் பெஞ்சைப் பார்க்க. பெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, தச்சர் படித்தவராக இருக்க வேண்டும். அதில் பதித்த பித்தளைப் பலகையைப் படித்ததும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

'விட்டால் நாள் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருப்பார்' என்று சொல்ல வந்த வரி. அதில் 'குட் ஹேவ்' (could have) என்று வர வேண்டிய இடத்தில் 'குட் ஆஃப்' (could of) என்று பொறித்திருக்கிறீர்கள். வாய்க்குள் மென்று பேசுகிறவர்கள் பேச்சில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கலாம். எழுதும்போது 'ஆஃப்' அங்கே வரவே வராது. எட்டு வயதில் கற்க வேண்டியதை அறுபது வயதில் பித்தளையில் பொறித்திருக்கிறீர்கள்.

கிளிஃபர்ட் இருபத்தாறு வருடம் பத்திரிகையில் செய்திகளைத் திருத்தும் மேசைக்குத் தலைவராக இருந்தவர். அதே பத்திரிகையில் நான் புரூஃப் பார்த்தேன். அவர் பெயருக்குக் கீழே இந்தப் பிழை. நாயோடு நடந்து வந்த ஒரு தம்பதி அதைப் படித்துச் சிரித்தார்கள். மீன் வறுவல் கடைக்காரியைத் தேடிப் போனவருக்குக் கடைசியில் மானமும் வறுபட்டது. உடனே பலகையை மாற்றுங்கள்.

ரோஸலிண்ட் டென்பி

---

மார்ஸ்பி
மே 9

ரோஸலிண்ட் மேடத்துக்கு,

லெட்டர் கிடைச்சுது. எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்குங்க. பொறுத்துக்காட்டியும் எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

பலகையில என்ன தப்புன்னு மூணு தடவ போய்ப் பாத்துட்டு வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். கடையில என்கூட வேல பாக்குற ஜேனிஸ்கிட்ட காட்டினேன். "எழுத்தெல்லாம் பளபளன்னுதானே இருக்கு, அந்தம்மா கண்ணாடிய மாத்தச் சொல்லு"ன்னா.

இன்னொண்ணு. அந்த வரிய எழுதினது நான் இல்ல, கிளிஃப்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம், சமையக்கட்டு மேசையில உக்காந்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதினாரு. "மோ, இத அப்படியே பலகைக்காரன்கிட்ட குடு. ஒரு எழுத்து மாறக் கூடாது"ன்னாரு. அப்படியே குடுத்தேன்.

கடை வாசல்ல இன்னைக்கு என்ன மீன்னு கரும்பலகையில எழுதி வெப்பேன். மழையில அழிஞ்சா அவரு எடுத்துட்டுப் போய் நான் எழுதினத அப்படியே மறுபடி எழுதுவாரு. பதினாலு வருஷத்துல ஒரு தடவ கூட என்னத் திருத்தினது இல்ல. உங்க வீட்டுல அவருக்கு வாயத் தொறக்கவே பயமா இருந்துச்சாம். படிச்ச திமிர வெச்சுக்கிட்டு நீங்க என்னத்தக் கண்டீங்க?

அவ்வளவு தூரம் வந்தவங்க ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போயிருக்கலாம்.

மோரீன்

---

யார்க்
மே 13

மோரீன் அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மை தீர்ந்து இன்னொரு பேனா எடுக்க வேண்டியிருந்தது.

அந்த வரி கிளிஃபர்ட் எழுதியது என்று கதை விடாதீர்கள். இதே 'குட் ஆஃப்' எழுதிக் கொண்டு வந்த ஒரு விளையாட்டு நிருபரை மேசை முன் நிறுத்தி, "இதுல 'ஆஃப்'க்கு என்னய்யா வேல? யாரு அதக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டது?" என்று கேட்டு அழ வைத்தவர் அவர். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் அறியாமல் அப்படி எழுதியிருக்க முடியாது. அறிந்தே எழுதியிருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். உங்கள் பேச்சை உங்கள் ஊர் நடுவிலேயே பலகையாக்கி நிறுத்தி, விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுப் போயிருக்கிறார். கரும்பலகையில் நீங்கள் எழுதியதை அப்படியே மறுபடி எழுதியதும் அதற்குத்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பதினாலு வருடம் உங்கள் பிழைகளை அவர் ரசித்திருக்கிறார். நீங்கள் அதை அன்பு என்று நினைத்திருக்கிறீர்கள்.

ரோஸலிண்ட் டென்பி

---

மார்ஸ்பி
மே 30

மேடம்,

நூலகத்துல இருக்குற அம்மாகிட்ட கேட்டேன். முதல்ல மழுப்பினாங்க. அப்புறம், "ஆமாம் மோரீன், அது தப்புதான். சொன்னா உங்க மனசு நோகுமேன்னுதான் யாரும் சொல்லல"ன்னாங்க. அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல.

மறுநாள் காலையில ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டுப் போய் நானே பலகையக் கழட்டிட்டேன். இப்ப கரண்டி வெக்கிற டிராயர்ல கெடக்கு. வாசல் கரும்பலகைய உள்ள தூக்கி வெச்சுட்டேன். ஜேனிஸ்தான் எழுதுறா. எனக்குச் சாக்பீஸத் தொட்டாலே கை கூசுது.

நீங்க மோசமான பொம்பள. ஆனா பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவரு சொல்லியிருக்காரு. "ரோஸ் கிட்ட வேற எது இல்லாட்டியும் அது உண்டு"ம்பாரு. அதனாலதான் கேக்குறேன்.

அவரு எழுதின சீட்ட இதுல வெச்சிருக்கேன். கையெழுத்து அவரோடதுதானான்னு நீங்களே பாருங்க. 'ஆஃப்'க்குக் கீழ புள்ளி புள்ளியா வெச்சிருக்காரு, ஓரத்துல நாலெழுத்துல ஏதோ கிறுக்கல். பேனா எழுதுதான்னு பாத்திருப்பாருன்னு நெனச்சேன். பலகைக்காரன் என்னன்னு கேட்டான், விட்டுடுன்னுட்டேன்.

என்னப் பாத்துச் சிரிச்சாரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. கல்லறையில அவரு பக்கத்துலயே எனக்கும் இடம் சொல்லி வெச்சிருக்கேன். சிரிச்சிருந்தா எனக்கு அந்த இடம் வேணாம்.

மோரீன்

---

யார்க்
ஜூன் 12

திருமதி டென்பி அவர்களுக்கு,

சீட்டு வந்து பத்து நாளாகிறது. 'ஆமாம், சிரித்தார்' என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அந்த உறை மூன்று நாள் கூடத்து மேசையில் கிடந்தது. பிறகு கிழித்தேன்.

கையெழுத்து அவருடையதுதான். புள்ளிகள் பேனாவைச் சோதிக்க வைத்தவை அல்ல. எங்கள் தொழிலில் அது ஒரு குறி. ஒருவர் ஒரு சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்ட பிறகு, அது அப்படியே நிற்க வேண்டும் என்று மேலே இருப்பவர் முடிவு செய்தால் அந்தச் சொல்லின் அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'ஸ்டெட்' (stet) என்று எழுதுவார். 'இருக்கட்டும், கை வைக்காதே' என்று பொருள். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது.

சிரிக்க வேண்டும் என்று எழுதுகிறவர் அந்தக் குறியைப் போட மாட்டார். உங்கள் வாயில் வருகிற மாதிரியே அந்த வரி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். கரும்பலகையை அப்படியே மறுபடி எழுதியதும் அதற்குத்தான். நான் எழுதியது விஷம். பொறாமையால் எழுதினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்தான். அந்தச் சீட்டில் 'ஆஃப்' அடிக்கப்படவே இல்லை. அடிக்காத சொல்லுக்கு யாரும் அந்தக் குறி போட மாட்டார்கள். அடிக்கப் போகிறவள் ஒருத்தி யார்க்கிலிருந்து வருவாள் என்று தெரிந்து முன்கூட்டியே போட்டிருக்கிறார். உங்களுக்கும் பலகைக்காரருக்கும் புரியாத அந்தக் குறி எனக்கு எழுதிய கடிதம். பிரிந்த பிறகு அவர் எனக்கு எழுதியது அது ஒன்றுதான்.

என் சமையல் குறிப்பு, என் வாழ்த்து அட்டை, என் அம்மாவின் இரங்கல் அறிவிப்பு, எல்லாவற்றையும் அவர் திருத்தியிருக்கிறார். அவர் எழுதியதை நானும் திருத்தாமல் விட்டதில்லை. முப்பத்தோரு வருடத்தில் என்னுடைய ஒரு சொல்லின் அடியிலும் அவர் அந்தப் புள்ளிகளை வைத்ததில்லை.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன், அது உங்களுடையது. பலகையை மறுபடி மாட்டுங்கள். கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காத திருகாணியாகப் பார்த்து வாங்குங்கள். யாராவது நின்று சிரித்தால் என் முகவரியைக் கொடுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் பத்தொன்பது பிழைகள். எண்ணிவிட்டேன். திருத்தவில்லை.

ரோஸலிண்ட்