வயலோரம் நாலு லைட்டு

18 செப்டம்பர் 2008, வியாழன்

காலையிலிருந்து தூறல். யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் டீ நேரம் வருவதற்குள் உடம்புச் சூட்டிலேயே காய்ந்தும் விட்டது. இஸ்திரிக்காரனுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

சாயங்காலம் ரகளை. வழக்கம்போலக் கவரைப்பேட்டையில் இறங்கி, நானும் தேவியும் ஸ்டேஷன் பாதையில் நடை. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வேலிக்காத்தான் முள். இருட்டினால் நம் கையே நமக்குத் தெரியாது. தேவி எதையோ மிதித்தாள். அது நெளிந்தது. அவ்வளவுதான். "அக்கோவ்!" என்று ஒரு கத்தல், ஒரே ஓட்டம், ஒரு செருப்பு வாய்க்காலோடு போச்சு. வெறும் சாரைப்பாம்புதான் என்று நான் சொன்னது எடுபடவில்லை. (எனக்கு என்ன பாம்பென்று எப்படித் தெரியும்? நானும்தான் ஓடினேன்.)

தேவி எனக்கு அடுத்த வீடு. இருபது வயசு. என்னோடு அதே கம்பெனியில் மாத்திரை பேக்கிங். அவள் அப்பா கோதண்டம் மாமா. பாதையோரத்து வயல் அவருடையதுதான். மகளின் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "தீவாளிக்குள்ள அந்தப் பாதைல லைட்டு வந்தா வேலைக்கிப் போ. வர்லன்னா ஊட்லயே கெட. அதுவரைக்கும் நான் டார்ச் எத்துக்கினு வரேன்."

தேவி அழுத அழுகை. தீபாவளி கழித்து அவளைச் செக்கர் ஆக்குகிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்திலா? அவள் நின்றால் கம்பெனிக்கு வரும் பின்தெருப் பெண்களையும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். கடைசியில் அந்தப் பாதையில் நான் ஒருத்தி. எனக்கு யார் துணை, பாம்பா?

20 செப், சனி

வெயில். வாங்க வேண்டியது: பாமாயில், சோப்பு, நாலு வெள்ளைத் தாள், கார்பன்.

மனு எழுதியாச்சு. ஸ்டேஷன் எதிரே ஜமீலா அக்காவின் பேன்சி ஸ்டோரில் உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று எல்லாம் முறையாக. அக்காவுக்கு நோன்பு. எச்சில் முழுங்காமல் யோசனை சொல்கிறார். "உருக்கமா எழுது வசந்தா. படிக்கறவங்க கண்ல தண்ணி வரணும்." பாம்பை நல்லபாம்பாக்கி விடலாமா என்று கேட்டார். நோன்பு நாளில் பொய்யா என்றேன். "அப்ப பாம்புன்னு மட்டும் போடு, இன்னா பாம்புன்னு அவங்களே நெனச்சிக்கட்டும்" என்றார்.

மனு கையெழுத்துக்காகக் கடைக் கல்லா மேல். வளையல் வாங்க வந்தவள், ரீசார்ஜ் செய்ய வந்தவன், வழி கேட்க வந்தவர், யாரும் தப்பவில்லை. ஆந்திராக்காரர் ஒருத்தர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன விஷயம் என்று அப்புறம் கேட்டார்.

கோதண்டம் மாமாவும் போட்டார். கட்டம் தாண்டி, பெரிதாக, இனிஷியலோடு. "எம் பொண்ணுக்கோசரம்" என்று கடையில் இருந்தவர்களிடம் சொன்னார். எனக்கே கண் கலங்கியது. நல்ல மனுஷன்.

22 செப், திங்கள்

லீவு போட்டுத் திருவள்ளூர். நான், தேவி, ஜமீலா அக்கா. ரெண்டு பஸ் மாறி. தேவிக்கு வாந்தி.

கலெக்டர் ஆபீசில் திங்கள் மனு நாள், திருவிழாக் கூட்டம். வரிசையில் முன்னால் ஒருவர்: "ஓட்டர் லிஸ்ட்ல என்னைப் பொம்பளன்னு போட்டுட்டாங்க. திருத்துன்னு மனு குடுத்தா, இப்ப எம் பொஞ்சாதிய ஆம்பளயா மாத்திட்டாங்க." பின்னால் ஒரு அம்மா: "போன திங்களும் இதே பொடவ கட்டிக்கினு வந்தேன். மாத்திக் கட்டினா மறந்துடுவாங்க." நான் என் புடவையைப் பார்த்துக்கொண்டேன். மெல்லிசு வாயில் துணி. வருவது வாரம் ஒரு தடவை என்றால் தாங்காது.

எங்கள் மனுவை வாங்கிய மேடம் முழுதாகப் படித்தார். அதுவே பெரிசு. "கம்பம் இருக்கா?" என்றார். ஸ்டேஷனுக்குப் போகிற லைன் அந்தப் பாதையோரமாகத்தான் போகிறது, கம்பம் இருக்கிறது, விளக்குத்தான் இல்லை என்றேன். "அப்ப சீக்கிரம் ஆகும்" என்று பச்சை மையில் ஒரு வரி எழுதிப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குத் தள்ளிவிட்டார்.

மணவாள நகரில் ஜமீலா அக்காவின் நாத்தனார் வீடு. எனக்கும் தேவிக்கும் சோறு போட்டு, அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "துன்னுடி, நீ துன்னாட்டி மட்டும் என் நோன்பு சீக்கிரமா முடிஞ்சிடுமா?" என்றார். தேவி ரெண்டாம் தடவை ரசம் வாங்கினாள். வாந்தி எடுத்த பிள்ளை.

2 அக்டோபர், வியாழன்

பெருநாளும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாள். காலையில் ஜமீலா அக்கா வீட்டுச் சேமியா. பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கிராம சபை.

தலைவர் படித்தார்: ஸ்டேஷன் பாதைக்கு நாலு விளக்கு, ஒப்புதல். தேவி என் கையைக் கிள்ளிய கிள்ளில் ரத்தமே வந்திருக்கும். எல்லோரும் கை தட்டினோம்.

தட்டிய கை இறங்கவில்லை, கோதண்டம் மாமா எழுந்தார். "எந்தக் கம்பத்துல?"

"ஒங்க வரப்பு மேல கீதே, அதே கம்பந்தான்" என்றார் தலைவர்.

"அய்ய! அது இன்னா ஞாயம்? ராவெல்லாம் லைட்டு எரிஞ்சா என் நெல்லு எப்டி கதிரு வைக்கும்?"

பக்கத்து வயல்காரர்கள் ஆமாம் சாமி போட்டார்கள். சத்தம். கடைசியில் தலைவர், "நீங்களே பேசி முடிச்சிக்கினு வாங்க, அப்பால பாக்கலாம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லைட்டு வந்தால்தான் வேலை என்றவரும் இவரே. லைட்டு வேண்டாம் என்பவரும் இவரே. தேவி அப்பாவோடு பேசுவதில்லை என்று சபதம். அக்காவின் பிரியாணி வந்தது. கோபத்தில் ரெண்டு தட்டு.

3 அக், வெள்ளி

எழுதவே சிரிப்பு வருகிறது. நேற்றாக இருந்தால் அடித்திருப்பேன்.

கம்பெனியிலிருந்து வந்து உலை வைத்தேன். கோதண்டம் மாமா வாசலில். கையில் வெள்ளைத் தாள். "வசந்தா, ஒரு மனு எழுதணும்மா."

"யாருக்கு மாமா?"

"கலெக்டருக்குத்தான். லைட்டு வாணாம்னு."

"லைட்டு வேணும்னு கையெழுத்து போட்டதே நீங்கதான?"

"அது எம் பொண்ணுக்கு. இது என் வயலுக்கு."

உள்ளே போய் நாலு பாத்திரத்தை டம் டம் என்று வைத்தேன். அவர் நகரவில்லை. ஊரில் வேறு யாரிடம் போவார்? யோசித்தேன். எனக்கு மட்டும் மனு எழுத உரிமை, அவருக்கு இல்லையா? எழுதித் தர மாட்டேன் என்றால் அது வெறும் அடம். பேனாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மனு என்றால் விவரம் வேண்டும், சும்மா வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள் என்றேன். சொன்னார். போன வருஷம் ரைஸ் மில் பக்கத்தில் லைட்டு போட்டார்களாம். "வெளிச்சம் பட்ட எடம் மட்டும் பச்சையாவே நின்னுக்கினு கெடந்துச்சி. மத்ததெல்லாம் அறுத்தாச்சி, அது மட்டும் கதிரே வர்ல. பூச்சி வேற. பயிருக்கும் இருட்டு வேணும்மா. ராவும் பகலும் வெளிச்சம் அடிச்சா நீ தூங்குவியா?"

எனக்கும் ஞாபகம் வந்தது. அறுத்த வயல் நடுவே வட்டமாகப் பச்சை. ரயிலிலிருந்து பார்த்து, ஏன் இதை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நானும் தேவியும் பேசியிருக்கிறோம். அப்போது மனுஷன் சும்மா வம்பு செய்யவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"ராவெல்லாம் எரிஞ்சாதான கெடுதி? எம்மா நேரம்னா பரவால்ல?"

மோவாயைச் சொறிந்தார். "இருட்டினப்பால ஒரு மணி நேரம் எரிஞ்சா ஒண்ணும் பண்ணாது. வயலு பக்கம் ஒரு தகரம் மறைப்பு குடுத்துட்டா இன்னும் நல்லது."

அதையே எழுதினேன். ரயில் வந்து பெண்கள் வீடு போய்ச் சேரும் வரை எரியட்டும், பிறகு அணைக்க வேண்டும், வயல் பக்கம் தகர மறைப்பு வேண்டும் என்று. படித்துக் காட்டினேன். "ஆமா, இதான் நான் சொன்னது" என்றார். அவர் சொன்னது அதில்லை.

அடுத்து ஒரு சிக்கல். யார் அணைப்பது? தண்ணித் தொட்டி ஆபரேட்டர்தான் ஊர் லைட்டெல்லாம் போடுவது. சாயங்காலம் போட்டால் காலையில்தான் நிறுத்துவான். மாமா போய்க் கேட்டதற்கு, "ஒங்க நெல்லு தூங்கணும்னு நான் ராவுல ஓடியாரணுமா? பேஜாரு புடிச்ச வேல" என்றானாம். மாமாவுக்கு ரோஷம். "நானே போடறேன், நானே நிறுத்தறேன், எழுது." எழுதினேன். உலை பொங்கி அடுப்பு அணைந்தே போச்சு.

8 அக், புதன்

ஆயுத பூஜை. கம்பெனியில் பொரி, சுண்டல், ஒரு லட்டு. மெஷினுக்கெல்லாம் பொட்டு. தேவி தன் ஸ்டூலுக்கும் வைத்தாள்.

யூனியன் ஆபீசிலிருந்து கார்டு. இரு மனுக்களும் சேர்த்துப் பரிசீலனையில் உள்ளன. அவ்வளவுதான். தேதி கிடையாது. சூப்பர்வைசர் தேவியிடம், வருவாயா மாட்டாயா, இல்லையென்றால் வேறு பெண்ணைப் பார்க்கிறேன் என்கிறார். ரயிலை விட்டு இறங்கும்போது தேவி, "தீவாளிக்குள்ள வருமாக்கா?" வரும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

ஜமீலா அக்கா தினமும் காலையில் கடை ஒரு ரூபாய் போனிலிருந்து யூனியன் ஆபீசுக்கு அடிக்கிறார். இப்போதெல்லாம் ஹலோ சொன்னதுமே அங்கே, "லைட்டம்மாவா? நாஷ்டா ஆச்சா?" என்கிறார்களாம்.

21 அக், செவ்வாய்

மழை விட்டு விட்டு. என் வீட்டுக்காரர் எளாவூர் செக்போஸ்டில் லாரியோடு வரிசையில். போனில் என் சமையலை நினைத்து ஏங்குகிறாராம். வீட்டில் இருக்கும்போது சொல்லக் கூடாதா?

வந்துவிட்டார்கள்! லைன்மேன், ஏணி, நாலு விளக்கு. நான் பார்க்கவில்லை, வேலை. அக்கா போனில் நேரடி வர்ணனை. மாமா எண்ணெய் டின்னை வெட்டி மறைப்பு செய்து தயாராக வைத்திருந்தாராம். லைன்மேன் கேட்டானாம்: "இன்னா பெரிசு, லைட்டுக்குத் தொப்பி போடற?" கம்பத்தடியில் பெட்டி, ஸ்விட்ச், பூட்டு. சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில்.

23 அக், வியாழன்

முதல் நாள். ரயிலிலிருந்து இறங்கினோம். மாமா பெட்டி பக்கத்தில் வெள்ளை வேட்டியில். எல்லோரும் பார்க்கிறோம். ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. ஊரே கரண்ட் கட்!

மாமாவை அங்கேயே விட்டு, அவர் டார்ச்சில்தான் வீடு வந்தோம். காலைக் கழுவுகிறேன், கரண்ட் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் தூரத்தில் நாலு லைட்டும் எரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. மாமா நிறுத்திவிட்டார். ஆட்கள்தான் வீட்டுக்கு வந்துவிட்டோமே. எழுதிக் கொடுத்தபடி நடக்கிறாராம்.

தேவி தெருவில் நின்று சண்டை. "லைட்டு வந்துச்சா இல்லியா நைனா? சொல்லு!"

"வந்துச்சி. ஆனா நீ அதுல நடக்கலயே?"

24 அக், வெள்ளி

அடைமழை. ரயில் நடுவழியில் நின்றது. சிக்னலாம், தண்ணியாம். லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுக்க ஈரக் குடையும் கொட்டாவியும். மாமா சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியாச்சு. தேவி ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு, "நைனா நிறுத்திட்டிருக்கும். அது சொன்னா சொன்னதுதான்" என்றாள். திங்கட்கிழமை தீபாவளி, நாளையோடு வேலை முடிந்தது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்றுப் பார்த்தேனே.

கவரைப்பேட்டையில் இறங்கினோம். பிளாட்பார்ம் முனைக்கு வந்ததும் தேவி நின்றுவிட்டாள்.

நாலு லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. மழை விழுவது தெரிந்தது. வாய்க்கால் தெரிந்தது, சேறு தெரிந்தது. இத்தனை வருஷம் நடந்த பாதை இவ்வளவு அகலமா? பின்தெருப் பெண்கள் ஹோ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பெட்டியடியில் யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோதண்டம் மாமா. சுற்றிலும் ஈசல். முகத்தில் ஒன்று, காதில் ஒன்று. தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நேரம் இது ஊட்டுக்கு வர்றதுக்கு? எம்மா நேரமா நிக்கறேன்!"

"ரயில் லேட்டு நைனா. நீ நிறுத்தலியா?"

"நிறுத்தினா நீ எப்டி வருவ?"

தேவி அவர் தலைச் சாக்கைச் சரி செய்துவிட்டாள். மாமா என் பக்கம் திரும்பினார். "வசந்தா, நாளைக்கே அந்த ரயில்காரங்களுக்கு ஒரு மனு எழுது. ஒங்க ரயிலு லேட்டா வந்தா என் நெல்லு கெட்டுப்பூடுதுன்னு எழுது. நல்லா கேக்கறா மாரி எழுது."

"எழுதறேன் மாமா. தேவி வேலைக்கி இன்னா சொல்றீங்க? தீவாளிக்கப்பால போலாமா?"

கடைசிப் பெண் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, ஸ்விட்சை நிறுத்திப் பூட்டினார்.

"இன்னா கேள்வி இது? அவ வேலைக்கிப் போவாம ஊட்ல குந்திக்கினா, நான் யாருக்கோசரம் தெனம் வந்து லைட்டு போடறது?"