பூட்டிய மில்லின் பங்குகள்

பிரியமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் பங்குகள் என் பெயருக்கு மாறிவிட்டன. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நான்கு மாத அலைச்சல். பாதி, இப்போது இயங்காத கம்பெனிகள். அவனியாபுரம் தாண்டியிருக்கும் நூல் மில்லின் பங்கு விலை மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மில் பூட்டி வருடக்கணக்காகிறது. பங்கு இன்னும் கைமாறுகிறது. சந்தை விதிப்படி வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும். வாங்க ஓரிருவர், விற்க ஓரிருவர்.

ஞாயிறு காலை வில்லாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் மில் வாசலைப் பார்த்துவிட்டு வருவீர்கள். "பூட்டுன மில்லுக்கு ரெண்டு வாட்ச்மேன்" என்பாள் அம்மா. நீங்கள் சிரித்ததில்லை. "அந்த வாட்ச்மேனே பங்கு வாங்கிருக்கான். அங்கயே கெடக்குறவனுக்குத் தெரியாததா? தொறக்கப் போறாய்ங்க." மறுநாள் இன்னும் கொஞ்சம் வாங்குவீர்கள்.

போன வாரம் நான் போனேன். விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. உள்ளே கருவேல மரங்கள் கூரை உயரத்துக்கு வளர்ந்திருந்தன. வாட்ச்மேன் முத்திருளன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். உங்கள் மகன் என்றதும் எழுந்தார். நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சாருக்கு என்னதான் தகவல் வந்துச்சு தம்பி?"

"எதப் பத்திண்ணே?"

"மில்லு தொறக்குறதப் பத்தி. கவர்மெண்டு ஆபீசுல இருந்த மனுசன், வாராவாரம் வேலமெனக்கெட்டு சும்மாவா வருவாரு? அதப் பாத்துத்தான் நானும் மருமகன விட்டு போன்ல வாங்குனேன். கையில இருந்தது அம்புட்டும் அதுலதான் கெடக்கு."

அவர் உங்களைப் பார்த்து வாங்கியிருக்கிறார். நீங்கள் அவரைப் பார்த்து. இத்தனை ஞாயிறுகளில் ஒரு தடவைகூட, ஏன் வாங்கினோம் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லையா அப்பா?

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சாரு."

அவர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கா? எனக்குச் சம்பளமே மூணு மாசமா வரல."

பிறகு மெதுவாகக் கேட்டார். "தம்பி விக்கப் போறீகளா?"

நம்மிடம் இருப்பது அதிகம். அதை ஒரே திங்களில் விற்றால் விலை சரிந்துவிடும். அவருடையதை வாங்க ஆள் மிஞ்சாது. அவர் முந்திக்கொண்டால் நம்முடையது வெறும் காகிதமாகலாம்.

"நீங்க மொதல்ல வித்துருங்கண்ணே."

அவரிடமிருந்து வாங்கப்போகிறவர் யாரைப் பார்த்து வாங்குகிறார்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முத்திருளனின் கடைசிப் பங்கு விற்கும்வரை உங்களுடையதில் ஒன்றையும் நான் விற்க மாட்டேன். அதற்குள் விலை விழுந்தால் விழட்டும்.

உங்கள் சின்ன மகன்