காயாத நெற்றி

கல்மண்டபம், இராயபுரம்
15-2-1953

அன்புள்ள லோகநாதா,

பம்பாய் போனதும் எங்களை மறந்துவிட்டாய் என்று திட்டத்தான் பேனாவை எடுத்தேன். மண்டை குழம்பிக் கிடப்பதால் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

படகுக்காரர் பொன்னுரங்கத்தின் மகன் ரகுபதி, ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய கல்யாண போட்டோவைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் பெரிய படம் எழுதிக் கொடுத்தேன். படம் காய்ந்ததும் மாலை போட்டுக் காரியம் செய்வது, அன்றே மருமகள் வரலட்சுமியின் தாலியை எடுப்பது என்று பெரியவர் முடிவு செய்துவிட்டார். பொறுமையில்லாமல் ஈரப் படத்தையே தூக்கிப் போய் வீட்டில் மாட்டிக்கொண்டார்.

சட்டை காய்ந்தது, பின்னால் எழுதிய கடலும் காய்ந்தது. தலையும் நெற்றியும் மட்டும் தொட்டால் விரலில் ஒட்டுகின்றன. அடிப்பூச்சில் டர்பன்டைன் தூக்கல், மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் தூக்கல் என்று ஓவியப் பள்ளியில் நாம் படித்தபடியேதான் செய்தேன். நெற்றிக்குச் சீக்கிரம் காயும் ஈயவெள்ளை வேறு. நியாயப்படி அதுதான் முதலில் காய வேண்டும். எண்ணெயில் கலப்படமா, உப்புக்காற்றா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பெரியவரோ பார்க்கும் இடமெல்லாம், "இன்னா எத்திராஜு, இன்னுமா காயல?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறார்.

நேற்று சனிக்கிழமை, சொல்லாமல் போய் நின்றேன். வரலட்சுமி கிண்ணத்தில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு படத்தின் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய் எந்தக் காலத்தில் காய்ந்திருக்கிறது? கத்த வாயெடுத்தேன். "சனிக்கெயம எண்ணெ தேச்சி முயுகாம அவரு இருந்ததே இல்லண்ணா. நைனாவாண்ட சொல்லிடாத" என்றாள்.

பாசத்தில் செய்கிறாளா, தாலியைக் காப்பாற்றச் செய்கிறாளா? எனக்குப் புரியவில்லை. ரகுபதி வந்துவிடுவான் என்று ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன், பிறகு எனக்கே பயமாகிவிட்டது. பெரியவரையும் குறை சொல்ல முடியாது. மகனுக்குக் காரியம் செய்யாமல் அந்த மனுஷனுக்குத் தூக்கமில்லை.

டர்பன்டைனால் துடைத்துவிட்டால் காய்ந்துவிடும். அது எனக்கும் தெரியும், அதை எழுதாதே. நல்லெண்ணெய் வாசனை என்றைக்காவது பெரியவர் மூக்கில் ஏறிவிடும். வாசனையில்லாத, எத்தனை நாளானாலும் காயாத எண்ணெய் ஏதாவது அங்கே கிடைத்தால் ஒரு சின்னப் புட்டி வாங்கி அனுப்பு. உனக்குப் புண்ணியமாகப் போகும், சனிக்கிழமைக்குள் வந்து சேரட்டும்.

நீ எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டும்,
எத்திராஜ்