வாயை மூடத் தெரிந்த பெட்டி

பெய்ரூட்

கண்ணே யாரா,

நலம் என்று எழுதாமல் எனக்குக் கடிதம் தொடங்காது, ஆகவே நாங்கள் நலம். லியோன் நகரக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். கணினியில் இருக்கும் பாட்டை நம் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றித் தருமென்று ஒரு டாக் பெட்டி சொன்னாயே, விலை கைக்கு அடக்கம், ஒலியும் சுத்தம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று கடைக்கார ஹகோப் அதைக் கொடுத்தனுப்பினான். வீட்டில் மாட்டிப் பாட்டைப் போட்டேன். அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து உட்கார்ந்தாள், துறைமுகத்தில் அந்தப் பெரிய வெடிப்பு நடந்த பிறகு அவள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து அரசு மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்தது, ஸ்பீக்கரில் டொம்மென்று ஒரு அடி. திரும்பினால் நாற்காலியில் அம்மா இல்லை. ஜன்னல் இல்லாத நம் நடையில், இரண்டு சுவருக்கு நடுவே, மாவுக் கையால் தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். அந்தச் சனியனத் தூக்கிப் போடு, எனக்குப் பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று அங்கிருந்தே கத்தினாள். இங்கே மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் மாறும் என்று உனக்குத் தெரியாததா.

மறுநாளே ஹகோப்பிடம் போய் நின்றேன். வேறு பெட்டிகளைப் போட்டுக் காட்டி, எதில் பாடுகிறவளின் மூச்சு கேட்கிறது பாருங்கள் என்றான். நான் ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன். எல்லாரும் பாட்டு எப்படிக் கேக்குதுன்னு கேப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் பாட்டு நிக்கிறப்ப எப்படின்னு கேக்குறீங்க என்று சிரித்தான். அவன் சொருகும்போதெல்லாம் நான் கண்ணை இறுக்கி மூடுவதைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. கடைசியில், பழசு ஆனா வாயை மூடத் தெரிஞ்சது, கரண்ட் நிலைக்கிற வரைக்கும் மூச்சு விடாது என்று ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தான். நீ சொன்னதைவிட மலிவு, ஒலி ஒரு படி மட்டம்தான், கோபித்துக்கொள்ளாதே.

நேற்று சாயங்காலம் அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தேன். மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வந்தது. பெட்டி சத்தமே போடவில்லை, பாட்டு தானாகத் தொடர்ந்தது. ஆனால் மகளே, அதை நான் நடையிலிருந்துதான் கேட்டேன். எப்போது எழுந்தேன், எப்படி ஓடினேன், ஒன்றும் தெரியவில்லை, அங்கே நீ மாட்டிவிட்டுப்போன குளிர்கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் வந்து, நஸீப், பாட்டுதான் ஓடுது, வா, என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இத்தனை நாளும் அவளுக்காகப் பயப்படுகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

உன்னைக் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஈஸ்டருக்கு வரும்போது ஒன்றை மறக்காதே, சொல்லாமல் வந்து நின்று கதவைத் தட்டாதே. தெருவிலிருந்தே எங்களைக் குரல் கொடுத்துக் கூப்பிடு.

உன் அப்பா,
நஸீப்