நோவில்லாத கால்

ஞாயிறு, 7 செப்டம்பர் 2008

த்ரொண்ட்ஹைமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் முதல் நாள் தூரத்தை இன்று நடந்து முடித்தோம். பழைய ஒஸ்லோவில், இடிந்த தேவாலயத்தடியில், இவர் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ஊரில் மடு மாதா கோயிலுக்கு நேர்ந்து நடப்பதுபோல வெறுங்காலோடு நடக்கப் போகிறாராம். சண்டை நடக்கும் வன்னியில் இருக்கும் இவருடைய தம்பியிடமிருந்து ஒரு மாதமாகச் சேதி இல்லை. அவன் உயிருக்காகத்தான் நேர்த்தி.

"சலரோகக் காலோட இதென்ன விசர் வேலை?" என்றேன்.

"சப்பாத்தோட நடந்தா அது நேர்த்தியே? உலாத்தெல்லோ. நீர் நம்பாட்டிப் பரவாயில்லை, பேசாமல் வாரும்."

தம்பியை நினைத்து நானும் கூடவே நடந்தேன். வழியில் ஒரு நோர்வேக் கிழவி இரக்கப்பட்டுத் தன்னிடமிருந்த மாற்றுக் காலுறையை நீட்டினாள். இவர் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தண்ணீர் சிவந்தது. குதிக்காலில் கண்ணாடித் துண்டு ஆழமாக ஏறியிருந்தது.

"எப்ப குத்தினது?"

"தெரியேல்லை. பாத்தீரே, ஒரு நோவும் இல்லை. மாதா தாங்கியிருக்கிறா. அவனுக்கும் ஒண்டும் நடவாது."

பல நாட்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிவு. நீரிழிவால் அந்தக் காலில் உணர்ச்சியே செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கண்ணாடியை எடுத்துவிட்டுக் காயத்தைக் கட்டினேன். நாளைக் காலை காயத்தைக் காட்டப் போனால் டாக்டர் சொல்லத்தான் போகிறார். அதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.

இப்போது இவருக்கு நல்ல நித்திரை. இந்தப் பேனை முனையால் கட்டுப்போட்ட பாதத்தை மெல்லக் குத்திப் பார்த்தேன். அசையவில்லை. மற்றக் காலைத் தொடப் பயமாக இருக்கிறது.