செல்லத்துரையர் சீட்டுப் பிரித்த வாரம்

மே 6, திங்கள்

விடியற்காலையிலிருந்தே புழுக்கம். மின்வெட்டு வேறு. ஜன்னலோரம் இருந்து, தையல் ஊசியால் சீட்டுக் கட்டுக்குத் துளை போட்டேன். ஒரு மூலையில் இனம்: இஸ்கோப்பனுக்கு ஒரு குத்து, ஆடுதனுக்கு இரண்டு, இப்படியே. எதிர் மூலையில் பெறுமதி. பெருவிரல் புண்.

எல்லாம் செல்லத்துரையருக்காக. வடக்கு ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பார்வை போய்ச் சில வருடம். மகன் கனடாவுக்கு எடுப்பிக்கும்வரை வெள்ளவத்தை லொட்ஜில் தனி அறை. எங்கள் முதியோர் பகல் நிலையத்துக்குப் புதியவர். நாங்கள் அவருக்குச் செய்தது: விசிறிக்குக் கீழே கதிரை, பக்கத்தில் வானொலி, முதல் தேத்தண்ணி. போன வாரம் கேட்டார்:

"டீச்சர், எவ்வளவு நாளைக்கு என்னைச் சாமான் மாதிரி வச்சிருக்கப் போறியள்? அங்கால 304 சீட்டு அடிக்கிற சத்தம் கேக்குது. நானும் வரட்டே?"

மறக்காமல்: பிரஷர் பார்க்கும் கருவிக்குப் பற்றரி.

மே 8, புதன்

பலித்தது! சில ஆட்டத்திலேயே விரல் பழகிவிட்டது. மேசையில் போடும் சீட்டை மற்றவர்கள் வாயால் சொல்கிறோம். நானும் பிலோமினா அக்காவும் ஒரு பக்கம். (அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருபவர்.) செல்லத்துரையரும் ஹனீஃபா நானாவும் மறுபக்கம். நானா புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். வாய் ஓயாது.

"ஸ்டேஷன் மாஸ்டரே, கொடியக் காட்டுங்க, கோச்சி நிக்குது!"

"சிக்னல் விழேல்லை. பொறும்."

வெற்றி கூடுதலாக அவர்களுக்கே. செ. வாய்விட்டுச் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

நான் படிப்பித்த வகுப்பிலும் இதுதான். காது மந்தமான பிள்ளையை முன் வாங்கில் இருத்திவிட்டு, கடமை முடிந்தது என்று நினைப்போம். ஒரு கேள்வியும் கேட்காவிட்டால் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வெளியே இருப்பது போலத்தான்.

மே 9, வியாழன்

இதை நான் யோசிக்கவே இல்லை. பிலோமினா அக்கா சீட்டை மேசையில் கவிழ்த்துப் போட்டார்.

"ஐயா பிரிச்சா மட்டும் நாங்க ஏன் தோக்கிறோம்? பிரிக்கிறப்பவே எல்லாச் சீட்டும் ஐயாட விரல்ல படுதே!"

செல்லத்துரையர் மறுக்கவில்லை.

"ஓம் பிள்ளை, படுகுது. ஆருக்கு என்ன போகுதெண்டு தெரியுது. மறக்கத்தான் பாக்கிறன். ஏலாமக் கிடக்கு."

நான் அவசரப்பட்டேன். "உங்கட முறைக்கு நான் பிரிச்சுத் தாறன் ஐயா."

எழுந்துவிட்டார். "அப்ப நான் ஆட்டக்காரன் இல்லை டீச்சர். விருந்தாளி."

தடியைத் தட்டித் தட்டிப் படியிறங்கினார். சோற்றுப் பார்சல் மேசையிலேயே.

மே 10, வெள்ளி

வரவில்லை. பின்னேரம் லொட்ஜுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தார். "சுகமில்லை." சுகமாகத்தான் இருந்தார்.

"பிலோமினாவில பிழையில்லை. அவவின்ர இடத்தில நானும் கேட்டிருப்பன். எல்லாற்ற கையையும் தெரிஞ்சுகொண்டு விளையாடுறது களவு. பிரிக்காமல் விளையாடுறது பிச்சை. எனக்கு ரெண்டும் வேண்டாம். இனி வரேல்லை."

திரும்பும் வழியில் கருவாடு வாங்க மறந்தேன்.

இரவு அக்காவின் தொலைபேசி. "நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம் டீச்சர்." அழுகை.

மே 13, திங்கள்

ஹனீஃபா நானா கையில் ஒரு பை. விளக்கம் சொல்லாமல் என்னையும் லொட்ஜுக்கு இழுத்துப் போனார். பைக்குள் சிவப்புக் கம்பளிக் கையுறை! நுவரெலியாக் குளிருக்குப் போகிறவர்களுக்கு விற்றது, கடை மூடியபோது மிஞ்சியது.

"மாட்டுங்க. இது என்ன சீட்டு, செல்லுங்க."

செ. தடவினார். திருப்பித் தடவினார். "சாக்குத் துண்டு மாதிரிக் கிடக்கு."

"அப்ப எழும்புங்க. பிரிக்கக்குள்ள மட்டும் மாட்டுங்க, விளையாடக்குள்ள கழட்டுங்க. எனக்கு வேற பார்ட்னர் வாணாம்."

செ. எழும்பிச் சேர்ட்டைத் தேடினார்.

நிலையத்தில் அவரே பிரித்தார். பாதிச் சீட்டு நிலத்தில். அக்காவுக்கு ஒன்று கூட, எனக்கு ஒன்று குறைய.

"ஐயா எனக்கு அள்ளிக் குடுக்கிறாரு!"

"சந்தோசப்படாதையும், திருப்பித் தாரும்."

மறுபடி பிரித்தார். தோற்றார்கள். அடுத்த ஆட்டமும். "துரும்புச் சீட்டை வச்சுக்கொண்டு என்ன, அடை காத்தனீரோ?" என்று நானாமேல் பாய்ந்தார். கேரம் மேசை திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதே எனக்குப் போதும் போல இருந்தது.

பின்னேரம் அவரோடு நடந்தேன். கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். பழக வேண்டுமாம், நாளைக்கு ஒரு சீட்டும் விழக்கூடாதாம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய சிவப்புக் கையைச் சிப்பாய் பார்த்துக்கொண்டே நின்றான். சின்னப் பெடியன். என் அட்டையையும் அவசரமாக நீட்டினேன்.

"சீதலத, மாத்தயா?" குளிருதா என்று கேட்கிறான்.

செ. சிங்களத்திலேயே, அதே கோபத்தோடு: "நே மல்லி. பெரதுனா."

இல்லை தம்பி, தோற்றுப்போனேன்.